வெட்டரிவாளுக்கு உயர்ரகக் கத்தி எஃகு தேவையா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, தேவகோட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் வாங்கியிருக்கிறேன். பாதி இடம் சீமைக்கருவேலம். பொங்கலுக்கு வரும்போது நல்ல மச்செட்டி ஒன்று வாங்கி வரலாம் என்று பார்க்கிறேன். என் பாக்கெட் கத்தி எஸ்30வி எஃகு, ஆறு மாதமாகத் தீட்டவே இல்லை. அதே எஃகிலோ எம்390-லோ ஒரு வெட்டரிவாள் இருந்தால் வருஷக்கணக்கில் மழுங்காதுதானே? விலை அதிகம்தான், ஆனால் ஒரே தடவைச் செலவு."

வாங்காதீர்கள் தம்பி. காசு வீண் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த எஃகு இந்த வேலைக்கு நம்ம ஊர் லாரிப் பட்டையில், அதாவது லாரியின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டையில், அடித்த அரிவாளைவிட மட்டமாக உழைக்கும். திருச்சியில் எஃகைச் சூடேற்றிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் பதினெட்டு வருஷம் இருந்தவன் நான். இப்போது புதுவயல் பக்கம் தோப்பு வைத்திருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் கையால் தொட்டுப் பார்த்ததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பாக்கெட் கத்தி ஏன் ஆறு மாதம் மழுங்கவில்லை என்று பார்ப்போம். அட்டைப்பெட்டி, கயிறு, பழம் என்று வெட்டும்போது கத்தியின் முனையில், அதாவது வெட்டும் விளிம்பில், அடி எதுவும் விழுவதில்லை. வெட்டும் பொருள் உரசி உரசி முனையை மெல்லத் தேய்க்கிறது, அவ்வளவுதான். அந்தத் தேய்மானத்தைத் தாங்கத்தான் எஸ்30வி பிறந்தது. அமெரிக்காவின் குருசிபிள் நிறுவனம் கிறிஸ் ரீவ் போன்ற கத்தி செய்பவர்களின் யோசனையோடு 2001-இல் அதைக் கொண்டுவந்தது. கரி (கார்பன்) 1.45%, குரோமியம் 14%, வனேடியம் 4%, மாலிப்டினம் 2%. இவ்வளவு கரியும் வனேடியமும் சேர்ந்தால் எஃகுக்குள் கார்பைடு என்னும் மிகக் கடினமான நுண்துகள்கள் உருவாகும். சாதாரண வார்ப்பாக ஊற்றினால் அவை திரண்டு கட்டி கட்டியாக நின்றுவிடும். அதனால் உருகிய எஃகை வாயு பீய்ச்சிப் பொடியாக்கி, அந்தப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கி ஒரே கட்டியாக்குகிறார்கள். விலைக்கு இதுவும் ஒரு காரணம். செம்மண் தரையில் பரப்பிய சரளை மாதிரி அந்தத் துகள்கள் முனை முழுக்க நின்று தேய்மானத்தை வாங்கிக்கொள்ளும்.

அரிவாளின் கூர் போவது இப்படி இல்லை. கத்தி முனை தேய்ந்து மழுங்குகிறது, அரிவாள் முனை அடிபட்டு மழுங்குகிறது. உங்கள் இடத்தில் கருவேலத்தைத் தூரோடு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கே நாலு பக்கமும் துளிர்த்துவிடும். தூரில் வெட்டும்போது பத்து வீச்சில் ஒன்றாவது தரையில் இறங்கும். நம்ம பக்கத்துத் தரை எப்படி என்று உங்களுக்கே தெரியும். மேலே சாணுக்குச் செம்மண், அதற்குள்ளே சரளை, அங்கங்கே செம்புறாங்கல். அது போகப் பழைய வேலிக் கம்பி, மரத்துக்குள் புதைந்துபோன ஆணி. மரமே காய்ந்துவிட்டால் கல் மாதிரிதான். முழு வேகத்தில் வரும் முனை இதில் ஏதோ ஒன்றில் மோதும். அந்த நொடியில் தேய்மானம் தாங்கும் குணம் எதற்கும் உதவாது. முனை வளைந்து கொடுக்கிறதா, உடைந்து தெறிக்கிறதா என்பதுதான் கேள்வி.

எஃகில் மூன்று குணங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கடினம் என்றால் முனை அமுங்காமல், வளையாமல் நிற்பது. தேய்மானம் தாங்குவது இரண்டாவது. அடி தாங்குவது மூன்றாவது. கடைக்காரர்கள் முதல் இரண்டை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள். கார்பைடு கூடக் கூட இரண்டாவது ஏறும், மூன்றாவது இறங்கும். அடி விழும்போது விரிசல் தொடங்குவதே அந்தக் கடினத் துகள்களின் ஓரத்தில்தான். எஸ்30வி-யில் கன அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கார்பைடு. லாரிப் பட்டை எஃகில் கரி 0.5 முதல் 0.65% வரைதான் இருக்கும். சரியாகச் சூடேற்றித் தோய்த்தால் அந்தக் கரி முழுக்கவே இரும்புக்குள் கரைந்துவிடும், விரிசல் தொடங்கத் துகள் என்று பெரிதாக எதுவும் மிஞ்சாது. அமெரிக்கக் கணக்கில் இதற்கு 5160 என்று பெயர். நம் நாட்டு லாரிகளில் சிலிக்கன் கூடிய இன்னொரு வகையும் ஓடுகிறது. எதுவானாலும் சரி, லட்சக்கணக்கான தடவை பள்ளத்தில் விழுந்து எழுந்தும் ஒடியாமல் இருக்க வேண்டும் என்று செய்த எஃகு அது. அரிவாளுக்கு இதைவிடப் பொருத்தமான சிபாரிசு வேறு என்ன வேண்டும்?

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் என் தோப்புக்குப் பக்கத்து இடத்துக்காரர், வெளிநாட்டிலிருந்து மகன் கொண்டுவந்த ஒரு பெரிய வெட்டுக்கத்தியோடு வந்தார். பொடி எஃகு, ராக்வெல் 60 என்று உறையிலேயே போட்டிருந்தது; ராக்வெல் என்பது கடினத்தை அளக்கும் கணக்கு. பார்க்க அவ்வளவு அழகு. முதல் நாள் முழங்கைத் தடிமன் கிளைகளைத் துண்டு துண்டாகச் சீவித் தள்ளியது, நானே வாங்கி வெட்டிப் பார்த்தேன். இரண்டாம் நாள் ஒரு கருவேலத் தூரில் வீச்சு சற்றுத் தாழ்ந்து சரளையில் இறங்கிவிட்டது. எடுத்துப் பார்த்தால் முனையில் பிறை மாதிரி ஒரு துண்டு போயிருந்தது, கடலைப் பருப்பை வைத்தால் உட்காரும் அளவு. பக்கத்திலேயே மயிரிழை போல இன்னொரு விரிசல். நான் அரத்தை வைத்துத் தேய்த்தேன். கண்ணாடியில் தேய்த்த மாதிரி 'கீச்' என்று வழுக்கியது, ஒரு துளி தூள் விழவில்லை. அப்புறம் திருச்சியிலிருந்து வைரத்தூள் பதித்த பட்டை வரவழைத்து, இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அந்தப் பிறையின் அடி வரை முழு முனையையும் தேய்த்து இறக்கினேன். விரிசலும் போக வேண்டுமே.

அதே வாரம், அதே சரளையில் என் அரிவாளும் இறங்கியது. முனையில் ஓர் அரிசி நீளத்துக்கு ஒரு பக்கமாக மடங்கியிருந்தது, உடையவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்து, மண்வெட்டித் தலையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி நிமிர்த்தி, அரத்தால் ஐந்து நிமிஷம் இழுத்தேன். திரும்ப வேலை ஓடியது.

இந்த அரம் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல அரம் ராக்வெல் 62 முதல் 65 வரை இருக்கும். அரிவாள் முனை 48-லிருந்து 54 வரை இருந்தால் அரம் அதைக் கடிக்கும், ஆனால் கொஞ்சம் தயக்கத்தோடு கடிக்கும். அந்தத் தயக்கம்தான் நல்ல தோய்ச்சலின், அதாவது காய்ச்சித் தொட்டியில் முக்கிப் பதமாக்கியதன், அடையாளம். 60-ஐத் தொட்டுவிட்டால் அரம் வழுக்கும். அப்போது கல்லுக்குப் போக வேண்டும். வனேடியம் கூடிய எஃகாக இருந்தால் கல்லும் திணறும். வனேடியம் கார்பைடு நம் சாணைக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினம், கல்தான் தேயும். வைரம் இருந்தால்தான் வேலை நடக்கும். தோப்பு நடுவில் ஆட்கள் காத்திருக்கும்போது வைரப் பட்டைக்கு எங்கே போவது? ஆறு மாதம் தீட்ட வேண்டாத கத்தி பாக்கெட்டுக்கு நல்லது. ஐந்து நிமிஷத்தில் தீட்ட முடிகிற அரிவாள்தான் தோப்புக்கு நல்லது.

எம்390-க்கும் இதே பேச்சுதான், இன்னும் ஒரு படி மேலே. கரி 1.9%, குரோமியம் 20%. துருப்பிடிக்காமல் இருப்பதிலும் தேய்மானம் தாங்குவதிலும் அருமையான எஃகு. வெட்டரிவாளுக்கு ஆகாது.

சிலர் இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுப்புவார்கள். பழைய காலத்தில் நம் உருக்குதானே உலகப் புகழ் பெற்றது, அதிலும் கரி அதிகம்தானே என்று. உண்மைதான். மேலைநாட்டார் ஊட்ஸ் என்று அழைத்த தென்னிந்திய உருக்கில் கரி சுமார் 1.5%, ஏறக்குறைய உங்கள் எஸ்30வி அளவு. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த உருக்கு பேர் வாங்கியது வாளில். வாள் கருவேலத் தூரில் இறங்குவதில்லை, சரளையில் மோதுவதில்லை. பழைய கொல்லர்கள் அரிவாள் அடிக்கும்போது உடம்புக்கு மெல்லிரும்பை வைத்து, வெட்டும் வாய்க்கு மட்டும் எஃகு சேர்த்து அடித்தார்கள். எங்கே கடினம் வேண்டும், எங்கே அடி தாங்க வேண்டும் என்று அப்போதே பிரித்து வைத்துவிட்டார்கள். அந்த அறிவை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

உலகம் முழுக்கவும் இதே கதைதான். பிரேசிலில் டிராமொன்டினா மச்செட்டி லட்சக்கணக்கில் போகிறது, கரி சுமார் 0.7% உள்ள சாதா எஃகு. நேபாளத்துக் குக்ரி பெரும்பாலும் லாரிப் பட்டை. கானாடுகாத்தானில் ஒரு வீட்டுப் பட்டாலையில் பழைய பாராங் என்னும் மலாய் வெட்டுக்கத்தி ஒன்றைப் பார்த்திருக்கிறேன், மலாயாவுக்குக் கொண்டுவிக்கப் போன காலத்தில் அந்த வீட்டு ஐயா கொண்டுவந்தது. நுனிப்பக்கம் கனத்து, முதுகு தடித்து, வாய் மட்டும் மெலிந்து இருந்தது. அரத்தை வைத்துப் பார்க்க அனுமதி கேட்டேன். முதுகு வெண்ணெயாகக் கடித்தது, வாய் சற்று முரண்டியது. நம்ம அரிவாள் மாதிரியேதான். காட்டில் தினமும் வெட்டிப் பிழைக்கிறவர்கள் எல்லாத் தேசத்திலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். உயர்ரகத்தில் எல்லாம் ஒரே சாதி இல்லை. சிபிஎம் 3வி என்று ஒன்று உண்டு. கரி 0.8%, குரோமியம் 7.5%, வனேடியம் 2.75%. அடி தாங்குவதற்கென்றே செய்த எஃகு. நல்ல கையில் சூடேற்றப்பட்டால் 58, 60 கடினத்திலும் உடையாமல் நிற்கும். காட்டுக்குள் கூடாரம் போடப் போகிறவர் இடுப்பில் ஒரே ஒரு கனத்த கத்தி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் அதைத் தாராளமாக வாங்கலாம். ஆனாலும் உங்கள் மூன்று ஏக்கருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அரம் அதிலும் வழுக்கும். துருப்பிடிக்காத எஃகும் இல்லை. கோணிக்கொண்டாலோ பெரிய அடி பட்டாலோ நம்ம ஆசாரியிடம் கொடுக்க முடியாது. அவர் உலையில் ஒரு தரம் வைத்தாலே ஆயிரம் டிகிரிக்கு மேல் அளந்து சூடேற்றி, பதம் பார்த்து இறக்கிய வேலையெல்லாம் போச்சு. போதாததற்கு இந்த வகை எஃகு தண்ணீர், எண்ணெய் எதுவும் இல்லாமல் காற்றிலேயே இறுகிவிடும். காய்ச்சி அடித்துவிட்டுக் கீழே வைத்தால் ஆறும்போதே வெடிக்கலாம். பட்டறைக்காரர் மேல் குற்றமே இல்லை.

சரி, நம்ம அரிவாளில் எதைப் பார்த்து வாங்குவது? எஃகைவிடத் தோய்ச்சலைப் பாருங்கள். ஒரே லாரிப் பட்டையில் இரண்டு பேர் அடித்த அரிவாள் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசமாக இருக்கும்.

நான் வழக்கமாகப் போகும் ஆசாரி தோய்ச்சல் போடுவதை மணிக்கணக்கில் நின்று பார்த்திருக்கிறேன். பட்டறைக்குள் எப்போதும் அரையிருட்டு, கீற்றை இறக்கித்தான் கட்டியிருப்பார். வெளிச்சம் இருந்தால் சூட்டின் நிறம் ஏமாற்றும். துருத்திக்குப் பதில் இப்போது மின்விசிறி, கரி மட்டும் அதே கருவேலங்கரி. அடித்து முடித்த அரிவாளை முதுகு கீழே இருக்கும்படி உலையில் வைப்பார். மெலிந்த வாய் முந்திக் காய்ந்து கருகிவிடக் கூடாது. சிவப்பு தாண்டி ஆரஞ்சுக்குத் திரும்பும்போது, என் கணக்கில் 830 டிகிரிப் பக்கம், எடுத்து வாயை மட்டும் இரண்டு விரற்கடை தொட்டியில் முக்குவார். முதுகு இன்னும் சிவந்திருக்கும். வெளியே எடுத்துச் செங்கல் துண்டால் வாயைப் பளபளவென்று ஒரு தேய்ப்பு. இப்போதுதான் பார்க்க வேண்டும். முதுகில் இருக்கும் சூடு வாயை நோக்கி நகர, அந்தப் பளபளப்பில் நிறம் ஊர்ந்து வரும். முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ, கடைசியில் மயில்கழுத்து நீலம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கத்திக்கு நல்லது, அரிவாளுக்கு முறுக்கு அதிகம், தெறிக்கும். கத்தரிப்பூ தாண்டி நீலம் தொடும் இடத்தில் நிறுத்த வேண்டும், சுமார் 290, 300 டிகிரி. அந்த நொடியில் முழுசாகத் தொட்டிக்குள் விடுவார். ஆயிரக்கணக்கில் விலை போட்ட உலையில் நான் கணினி பார்த்துச் செய்த வேலையை இவர் நிறம் பார்த்துச் செய்கிறார். வாய் கடினம், முதுகு மெத்து. முழுக்க ஒரே கடினமாக வரும் பொடி எஃகுக் கத்தியில் இந்த ஏற்பாடு கிடைக்காது.

வாங்கும்போது கையில் ஒரு சின்ன அரம் கொண்டுபோங்கள். வாயில் ஓர் இழுப்பு, முதுகில் ஓர் இழுப்பு. இரண்டிலும் ஒரே மாதிரி வெண்ணெயாகக் கடித்தால் தோய்ச்சலே போடவில்லை, கறுப்புப் பூச்சு பூசி விற்கிறார்கள். வாயில் முழுசாக வழுக்கினால் முறுக்கு இறக்கவில்லை, அதுவும் வேண்டாம். தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டினால் 'கணீர்' என்று நிற்க வேண்டும். 'சொத்' என்று வந்தால் எங்கோ விரிசல் ஓடியிருக்கலாம். பழைய லாரிப் பட்டையில் இந்த ஆபத்து உண்மையிலேயே உண்டு. வருஷக்கணக்கில் வளைந்து நிமிர்ந்ததில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கும். அதனால் ஒடிந்த பட்டையில் அடிக்க வேண்டாம் என்று ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூடக் கொடுத்தால் புதுப் பட்டை வாங்கியே அடித்துத் தருவார். நீங்கள் நினைத்திருந்த பணத்தில் மிகச் சின்னப் பங்குதான் ஆகும்.

வடிவமும் எஃகு அளவுக்கு முக்கியம். மச்செட்டி இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான். கரும்பு, புல், வாழை போன்ற பச்சைக்கு நீளமும் வேகமும் போதும் என்று வந்த வடிவம் அது. கருவேலத்துக்குக் கனம் வேண்டும். முதுகில் ஐந்தாறு மில்லிமீட்டர், வாயை நோக்கி மெலிந்து, நுனிப்பக்கம் சற்று வளைந்த வெட்டரிவாள்தான் சரி. அந்த வளைவு முள்கிளையை இழுத்துப் போடவும் உதவும், முள் கைக்கு வராது. வாயை ரொம்ப மெல்லிசாகத் தீட்டாதீர்கள், ஒரு பக்கத்துக்கு 20, 25 டிகிரி இருக்கட்டும். பிடிக்குள் போகும் காம்பு ஆழமாகப் போயிருக்கிறதா, பூண் இறுக்கமா என்று பாருங்கள். அரிவாளால் ஆகும் காயங்களில் மோசமானது பிடி கழன்று பறப்பது.

துருவுக்குப் பயந்துதான் துருப்பிடிக்காத எஃகு கேட்கிறீர்கள் என்றால், நம்ம பக்கம் அந்தப் பயம் தேவையில்லை. துருவையும் ஆராய்கிற ஒரு பெரிய நிலையம் காரைக்குடியில் இருக்கிறது, 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் கொடுத்து வந்தது. அவர்களும் கடல் காற்றின் துருவைச் சோதிக்க மண்டபம் கடற்கரைக்குத்தான் போகிறார்கள். உப்புக்காற்று இல்லாத வறண்ட காற்று நமக்கு. வேலை முடிந்ததும் பிசினைத் துடைத்து ஒரு சொட்டு வேப்பெண்ணெய் தடவினால் போதும், ஐப்பசி கார்த்திகையில் மட்டும் கொஞ்சம் கவனம். கறுத்துப்போவது துரு இல்லை, அது இருக்கட்டும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. ஒன்பது அங்குலத்துக்கு நீளமான, அல்லது இரண்டு அங்குலத்துக்கு அகலமான கூர் ஆயுதங்கள் ஆயுத விதிகளுக்குள் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. கறுப்பு உறையில் படைவீரன் கத்தி மாதிரி ஒன்று பெட்டியில் இருந்தால், அது விவசாயக் கருவி என்று விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். ஊரில் வாங்கும்போதும் பெயர், விலாசம் கேட்டு எழுதிக்கொள்வார்கள், சங்கடப்படாதீர்கள். தென்மாவட்டப் பட்டறைகளில் அது இப்போது வழக்கம். திருப்பாச்சேத்தி வரை போய் வாங்க நினைத்தாலும் அப்படித்தான். அரிவாளுக்கு அந்த ஊர் வாங்கிய பேரை நம்பிப் போகலாம், மதுரை மானாமதுரை சாலையில்தான் இருக்கிறது. ஆனால் அங்கேயும் அரத்தை எடுத்துப் போங்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஏதாவது கொண்டுவந்தே தீர வேண்டும் என்றால், நல்ல தட்டையரம் இரண்டு கொண்டுவாருங்கள், பத்து அங்குலத்தில். இங்கே கிடைப்பதில் பாதி ஒரு பருவத்திலேயே பல் போய்விடுகிறது. உயர்ரக எஃகு ஆசை இன்னும் இருந்தால் அதை அடுப்படிக்கு வாங்குங்கள். எம்390-இல் மெல்லிசான ஒரு சமையல் கத்தி. வாழைப்பூவும் வாழைக்காயும் அரிவாள்மனையில் அரிந்தால் கறுத்துப்போகும், பாதிக் குறை இரும்பின் மேல்தான். துருப்பிடிக்காத எஃகு அங்கே உண்மையான உதவி. பலகையில் மெத்தென்று இறங்குகிற வேலை, கல் கிடையாது, அடி கிடையாது. வீட்டில் ஆச்சி இருந்தால் அவர்களிடம் முதலில் கொடுத்துப் பாருங்கள், ரொம்பக் கூர் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு.